கூரை இல்லாமல் வந்த வீடு

பதுளை டவுனில் இன்றைக்குக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற பிள்ளைகளில் பாதிப் பேர் என் கடையில் நின்றவர்கள். மீதிப் பேர் என் கடை ஷோகேஸைப் பார்த்துப் பழகியவர்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஸ்டூடியோ கண்ணாடி துடைக்க வந்து, அதே டவுனில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டேன். கம்ப்யூட்டர் வந்தபோது, "இனி ஒன் கதை முடிஞ்சுது" என்று சிரித்தார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலே, எந்தப் பட்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே அந்த சாஃப்ட்வேரைப் பழகினேன். சிரித்தவர்களுடைய கடைகளில் இப்போது ஃபோன் ரீலோட் போடுகிறார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் என்னைப் பார்க்க வந்த ஒரு தம்பி. புதிதாகத் தொழிலுக்கு வந்தவன். கல்யாணப் படம் ஒன்றில் பிளாஷ் கூடிப்போய்ப் பொண்ணு முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டதாம். ஃபோனை நீட்டினான்.

"பாருங்க அங்கிள், ஒரே தட்டு. முகம் அப்படியே வந்துடுச்சு."

பார்த்தேன். முகம் வந்திருந்தது. மூக்குத்தியும் வந்திருந்தது.

"பொண்ணு மூக்குத்தி போட்டிருந்துச்சா?"

"தெரியலையே அங்கிள். நல்லா இருக்குதானே?"

நல்லாத்தான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்தப் பட்டனை எவ்வளவு இழுக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்கு யூடியூப் இருக்கிறது. ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். படத்தில் வெள்ளை இரண்டு வகை. ஒன்று, உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிற வெள்ளை. பொறுமையாக இறக்கினால் வெளியே வரும். மற்றது, உள்ளே ஒன்றுமே இல்லாத வெள்ளை. அதை எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் நிறமாகுமே தவிர, எதுவும் வராது. அங்கே ஏதாவது வந்தால் அது நீங்கள் வைத்தது. என்னைத் தொழிலுக்கு எடுத்த முதலாளி, முஸ்லிம் நானா ஒருவர், பிலிம் காலத்து மனிதர். நெகட்டிவ்வைப் பல்புக்கு நேரே பிடித்து, "டேய், தேடி எடுக்கிறது ஒரு வேலை, செஞ்சு வைக்கிறது வேற வேலை. ரெண்டுக்கும் கூலி இருக்கு" என்பார். இரண்டையும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதில்தான் பெயர் எடுத்தேன்.

எப்படிப்பட்ட பெயர் தெரியுமா? மகன் கல்யாணத்துக்கு அப்பா இல்லை, செத்துப்போனார் என்று அழுதுகொண்டு வருவார்கள். அடையாள அட்டைப் படம் ஒன்று இருந்தால் போதும். பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டு, மணவறையில் மகன் தோளில் கைபோட்டு நிற்க வைத்துவிடுவேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாயைப் பிள்ளையின் பிறந்தநாள் கேக் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். கடைப் பலகையில், 'இல்லாதவரையும் நிற்க வைப்போம்' என்று எழுதியே போட்டிருந்தேன். பண்டாரவளையிலிருந்தும் எல்ல ஊரிலிருந்தும் பலகையைக் கேள்விப்பட்டு வந்தார்கள். ஊவா மாகாணம் முழுக்க அந்த வேலையில் எனக்கு ஈடு யாரும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இனி லெச்சுமி கதைக்கு வருகிறேன்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற பெண் லெச்சுமி. அவள் மகள் தர்ஷினிக்குப் பெரியபிள்ளைச் சடங்கு. படம் எடுக்க நானே போனேன். பத்துப் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறைகள், வரிசையாக ஒட்டி நிற்கிற பழைய லயம். கடைசிக் காம்பரா லெச்சுமியின் புருஷனுடைய அண்ணன் முத்தையாவின் பெயரில் இருந்தது. ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் படுக்க முடியாது என்று, லயத்தின் பக்கவாட்டில் தகரத்தால் ஒரு வீட்டை இறக்கி, லெச்சுமியும் புருஷனும் மகளும் அதில் இருந்தார்கள். தோட்டங்களில் இது எல்லா லயத்திலும் உள்ளதுதான். ஆனால் தோட்டத்து ஒப்பீஸ் கணக்கில் காம்பரா மட்டும்தான் இருக்கும். தகர வீடு என்ற ஒன்று இருக்கவே இருக்காது.

தாய்மாமன் பந்தல் கட்டியிருந்தார். பிள்ளை கிழக்கே பார்த்து உட்கார வேண்டும், அதனால் பந்தலை நகர்த்த முடியாது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நேராகத் தெரிவது அந்தத் தகர வீடு. நான் கேமராவைத் தூக்கியதும் லெச்சுமி பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள்.

"அண்ணே, புள்ளைய கொஞ்சம் வெள்ளையா எடுங்க."

"அது சொல்லணுமா? அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்."

"அது இல்லண்ணே. பின்னால அந்தத் தகரம் விழாம எடுங்க. கொழும்புல இருந்து எங்க ஆளுங்க படம் கேப்பாங்க. நாங்க லயத்துக் காம்பராவுல இருக்கோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. இதப் பாத்தா பல்லிளிப்பாங்க."

இந்த வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. பிள்ளை பந்தல் நிழலில் இருக்கிறாள், பின்னால் உச்சி வெயில். நிழலுக்கு வெளிச்சம் வைத்தேன், வெயிலை அது போகிற வழியில் விட்டேன். முகம் சந்தனமாக வந்தது. பின்னால் இருந்த தகரம், கதவு, கொடி, எல்லாம் வெள்ளையில் கரைந்துபோனது. ஃபிரேம் போட்டுக் கொடுத்தபோது, "அடி, ஸ்டூடியோவுல எடுத்த மாதிரியே இருக்குடி" என்று லயமே கூடிப் பார்த்தது. லெச்சுமி அந்த ஃபிரேமைத் தகர வீட்டுக்குள்தான் மாட்டினாள். வெளியே மறைத்ததை உள்ளே மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வருடம் போய் ஒரு கார்த்திகை மழையில் மண் சரிந்து மலை இறங்கியது. பகல் நேரம், அநேகமாக எல்லாரும் தள்ளி வேறு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், உயிர் போகவில்லை. லயத்தில் பாதியும் தகர வீடு முழுவதும் மண்ணுக்குள் போயின. முதல் சத்தம் கேட்டபோது வீட்டில் இருந்தவள் தர்ஷினி. ஓடும்போது அவள் கையில் எடுத்தது தன்னுடைய சடங்குப் படத்தை. பிள்ளைதானே. வேறு எதை எடுப்பாள்?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பிறகு வீடு கொடுக்கிறோம் என்று செய்தி வந்தது. ஒரு காம்பராவுக்கு ஒரு வீடு. முத்தையாவுக்கு உண்டு, லெச்சுமிக்கு இல்லை. தகரத்தில் தனியாக இருந்தோம் என்று சொன்னவர்களுக்கு விசாரணை வைத்தார்கள். அக்கம்பக்கத்துச் சாட்சி செல்லாது என்றுவிட்டார்கள். ஏனென்றால் இல்லாத கொட்டிலுக்கெல்லாம் ஆளாளுக்குச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். படமோ வேறு ஏதாவது அத்தாட்சியோ வேண்டும். லெச்சுமி அந்த ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"எங்க வீட்டு வாசல்ல எடுத்ததுங்க ஐயா."

விசாரித்த அதிகாரி படத்தைப் பார்த்தார். "புள்ள இருக்கு, பந்தல் இருக்கு. வீடு எங்கம்மா?"

அதோடு என் கடைக்கு வந்தாள். மழையில் நனைந்த பிளாஸ்டிக் பைக்குள் ஃபிரேம்.

"அண்ணே, அன்னைக்கு வீட்ட எடுத்துட்டீங்க. இப்ப திருப்பிக் குடுங்க."

வேறு ஸ்டூடியோக்காரன் என்றால் கைவிரித்திருப்பான். நான் எந்தக் கல்யாணத்தின் ஃபைலையும் சடங்கின் ஃபைலையும் அழித்தது கிடையாது. அதுவும் கேமரா சுருக்கிக் கொடுக்கிற ஃபைல் இல்லை. சுருக்காத முழு ஃபைல். ஹார்ட் டிஸ்கைத் தேடிப் போட்டேன். அவளைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொல்லி வெளிச்சத்தை இறக்கினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைக்குள் ஒரு கோடு. கொடிக்கயிறு. அதற்குக் கீழே நீலமாக ஒரு தண்ணி பீப்பாய். பிறகு கதவின் விளிம்பு.

லெச்சுமி ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து ஸ்கிரீனில் மூக்கை வைத்தாள். "நில்லுங்க, நில்லுங்க. அங்க என்ன புள்ளி?"

கதவில் இரண்டு வரிசை மஞ்சள் புள்ளி, நடுவில் சிவப்பு.

"பொங்கலுக்கு நான் வச்ச பொட்டுண்ணே. மஞ்ச பத்தாம கடைசிப் பொட்டு சின்னதா வச்சேன். பாருங்க, சின்னதா இருக்கா இல்லையா?"

சின்னதாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ செத்தவர்களை எழுப்பியிருக்கிறேன். அந்தக் கடைசிப் பொட்டு வந்தபோது வந்த திமிர் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. ஏனென்றால் அது நான் வைத்தது இல்லை. அங்கே இருந்தது.

ஆனால் கூரை வரவில்லை. புதுத் தகரம், நேர் வெயில். உள்ளே ஒன்றுமே இல்லாத வெள்ளை. நடுவில் கதவும் சுவரும் நிற்கின்றன, மேலே பெரிய வெள்ளைத் திட்டு.

"கூரைய மட்டும் நீங்களே போட்டு விடுங்கண்ணே. ஒங்களுக்கு ஒரு நிமிசம்."

அவள் சொன்னது சரி. ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்துச் சுவரிலிருந்து தகரத்தை எடுத்துச் சாய்த்து வைத்திருந்தால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"வேணாம் பிள்ளை. இது அத்தாட்சிக்குப் போற படம். நான் வச்சா அது என் கூரை. நாளைக்கு எவனாவது கேட்டா, இதுல ஒரு புள்ளிகூட நான் வைக்கலன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லணும்."

"கூரை இல்லாத வீட்டுல எவண்ணே இருப்பான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் வர்றேன் உன்கூட."

மறு விசாரணைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிக்கூட ஹாலில் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளைப் போட்டுச் சனம் உட்கார்ந்திருந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரி. என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"வாங்க மொதலாளி, வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டேன். அவருடைய மகள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். அவர் மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டார். குடும்பப் படத்தில் அந்த அம்மாவை அவர் பக்கத்தில் நிற்க வைத்தது நான். படத்தைக் கையில் வாங்கியபோது கடையிலேயே உட்கார்ந்து அழுத மனிதர். சரி, நம் ஆள்தான், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். லெச்சுமியைப் பார்த்துக் கண்ணைக்கூடக் காட்டினேன்.

படத்தை வைத்தேன். லெச்சுமியின் ஃபிரேமும் மேசையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே படமா?"

"ஒரே படம்தான் ஐயா. வெளிச்சத்த இறக்கியிருக்கேன்."

"இதுல இல்லாத வீடு அதுல எப்படி வந்துச்சு?"

"இதுலயும் இருக்கு. வெள்ளைக்குள்ள இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

"மொதலாளி, எங்க வீட்டு ஹால்ல ஒரு படம் தொங்குது. என் மனைவி எனக்குப் பக்கத்துல நிக்கிறா. வர்ற ஆளுங்க, 'அம்மா மகள் கல்யாணத்தப் பாத்துட்டுத்தான் போனாங்களா'ன்னு கேக்கிறாங்க. நானும் ஆமான்னு சொல்லிடுவேன். அதச் செஞ்ச கைக்கு ஒரு தகரக் கொட்டில் பெரிய வேலையா?"

"இது அது இல்ல ஐயா. அது நான் செஞ்சது. இது இருந்தது."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுல பொட்டப் பாருங்க. கடைசிப் பொட்டு சின்னது. நான் வச்சா அப்படி வைப்பேனா?"

"நீங்க வச்சா அப்படித்தான் வைப்பீங்க. என் மனைவிக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னது. அதக்கூட விடாம வச்சிருந்தீங்க." பிறகு வெள்ளைத் திட்டில் பேனாவை வைத்தார். "இந்தா, இங்க ஒட்டினது தெரியுது. கூரை பொருந்தல போல, விட்டுட்டீங்க."

கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வருகிறேன், ஃபைலை உங்கள் கண் முன்னால் திறக்கிறேன் என்றேன்.

"நீங்க என்ன காட்டினாலும் எனக்கு விளங்காது மொதலாளி. நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது? 'இல்லாதவரையும் நிற்க வைப்போம்'னு பலகை போட்டவர் குடுத்த படம்னு எழுதவா?"

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் சத்தம் போட்டான். "அண்ணே, எனக்கும் ஒண்ணு வச்சுத் தாங்க! ரெண்டு மாடியா! பின்னால கராஜோட!"

ஹாலே சிரித்தது. முத்தையாகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். லெச்சுமி சிரிக்கவில்லை. படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, ஃபிரேமோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ் வந்தது. ஏறும்போதுதான் சொன்னாள்:

"கூரைய வச்சிருந்தா நம்பியிருப்பாருண்ணே."

அன்றிலிருந்து அதைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவள் சொன்னது சரியென்றே படுகிறது. என் கை வைத்த படத்தையெல்லாம் ஊர் நம்பியது. கை வைக்காமல் கொண்டுபோன ஒரே படத்தில்தான் ஓட்டை இருந்தது, ஓட்டையைத்தான் பார்த்தார்கள்.

முத்தையாவுக்கு வீடு கிடைத்தது. அந்த வீட்டின் முன் ஹாலில் சீலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு லெச்சுமியும் மகளும் இருக்கிறார்கள். புருஷன் கொழும்பில் கடை ஒன்றில் நிற்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வந்தால் வாசலில் படுக்கிறான்.

பலகையைக் கழற்றினீர்களா என்று கேட்பீர்கள். கழற்றவில்லை. ஏன் கழற்ற வேண்டும்? அந்தப் பலகையை நம்பி அழுதுகொண்டு வந்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. நான் ஓய்ந்த பிறகும் அது அங்கேதான் தொங்குகிறது. அசல் ஃபைலை அழிக்காதே, இரண்டு வேலையையும் ஒரே பெயரில் செய்யாதே என்று வேண்டுமானால் உங்களுக்குச் சொல்லலாம். சொல்கிறேன், ஆனால் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு ஒரு ஊரில் ஒரு ஆள்தான் இல்லாததை நிற்க வைத்தான். அதனால் அவனுடைய படத்தை மட்டும்தான் சந்தேகப்பட்டார்கள். இப்போது உங்கள் எல்லாருடைய ஃபோனிலும் அந்தப் பட்டன் இருக்கிறது. அந்தப் பொண்ணுக்கு மூக்குத்தி இருந்ததா என்று தெரியாமலே படத்தைக் கொடுக்கிறீர்கள். நாளைக்கு உங்களிடமும் ஒரு லெச்சுமி வருவாள். அன்றைக்கு உங்கள் படத்தை மேசையில் வைத்தால், எதிரே இருக்கிற மனிதர் பேனாவை எங்கே வைப்பார் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவள் மறுபடி என் கடைக்கு வந்தது போன வருடம். தர்ஷினியும் கூட வந்திருந்தாள். நல்ல உயரமாக வளர்ந்துவிட்டாள், ஃபோனை விட்டுத் தலை நிமிரவில்லை. கடையை இப்போது நடத்துகிற பையனை விட்டுவிட்டு, மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம் நேராக வந்தாள் லெச்சுமி.

"மகளுக்கு ஒரு எடம் வந்திருக்குண்ணே. பண்டாரவளைப் பக்கம். படம் கேக்கிறாங்க. பின்னால ஒரு வீடு வச்சுத் தாங்க."

"சும்மா இருங்கம்மா, வெக்கமா இருக்கு" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. திரைச்சீலைக்கு முன்னால நிப்பாட்டி எடுத்து அனுப்பவா?" என்னைப் பார்த்தாள். "ஓட்டு வீடா வைங்கண்ணே. முன்னால ரெண்டு ரோசாச் செடி. நம்மகிட்ட இருக்கிறதுக்கு ரொம்ப மேலயும் வேணாம், நம்புற மாதிரி இருக்கட்டும்."

எல்ல ஊருக்குப் போகிற வழியில் விடுதிக்காரர் ஒருவருக்காக எப்போதோ எடுத்த வீடு ஒன்று இருந்தது. கண் மங்கினாலும் கை மங்கவில்லை. மகளை வாசலில் நிறுத்தினேன். வெயில் வருகிற பக்கம் பார்த்து நிழலைக் காலடியில் விழ வைத்தேன். ஓடு ஓடாகக் கூரை. முகப்பில் ஒரு திட்டு இல்லை, ஒரு ஒட்டுத் தெரியவில்லை.

லெச்சுமி பிரிண்டைக் கையில் வாங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்ததைவிடக் கூரையைத்தான் கூடுதல் நேரம் பார்த்தாள். விரலால் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தடவினாள்.

"நல்லா வந்திருக்குண்ணே," என்றாள். "இதுக்கு அந்த ஐயா கையெழுத்துப் போடுவாரா?"

நான் கவரை எடுத்து, படத்தை உள்ளே வைத்து, ஒட்டிக் கொடுத்தேன்.